அக்கரையில் கூடாரம் வேண்டாம்: ஆற்றங்கரை முகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த பள்ளி விடுமுறையில் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவின் மெராப்போ பக்கத்தில், ஆற்றங்கரை முகாம் ஒன்றில் இரண்டு இரவு தங்கியிருந்தோம். மாலை நான்கு மணி இருக்கும். முகாமுக்கென்று ஒதுக்கிய மேட்டு நிலம் பாதிக்குமேல் காலியாகக் கிடக்க, கிள்ளானிலிருந்து வந்திருந்த ஐந்து இளைஞர்கள் கூடாரப் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து எதிர்ப்புறத்து மணல்திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். “தண்ணி முட்டிக்குக்கூட வரல அண்ணே, அந்தப் பக்கம் அமைதியா இருக்கு” என்றார் ஒருவர். 16 ஆண்டுகளுக்கு முன்னர் உலு லங்காட்டில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்.

கைவிளக்கு மறந்து போவது, கொசுவர்த்தி எடுக்காமல் வருவது, புதிய காலணியோடு மலையேறுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் பயணமே கற்றுக்கொடுத்துவிடும். சொல்லிக் கொடுக்காவிட்டால் தெரியாதவை, தெரிந்துகொள்ளும்போது கையில் பெரிய கணக்கோடு வந்து நிற்பவை சில உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனெனில் அது இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

வண்டி இக்கரையில், கூடாரம் அக்கரையில்

அது ஓர் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. செந்தூலிலிருந்து உலு லங்காட்டுக்கு நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். கூட்டத்தில் என் பெரியப்பா மகனும் என் மனைவியின் தம்பியும் இருந்தார்கள். அண்ணனுக்கு அப்போதே ஐம்பது வயது. இரவு உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். இக்கரையில் ஒரு பெருங்குடும்பம் காராவோக்கே பெட்டியோடு இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, அக்கரைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவன் நான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அன்றைக்கு அது உண்மையிலேயே பச்சையாக, புல் படர்ந்த சமதளமாக, ஆளில்லாமல் கிடந்தது. வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டுக் கடந்தோம். தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே ஓடியது. அண்ணனின் ஊசி வண்டியில் ஒரு நீல நிறப் பனிப்பெட்டியில் இருந்தது. எட்டு மணிக்கு ஒரு நடை போய் எடுத்து வந்துவிடலாம் என்று அவரே சொன்னார்.

ஐந்தரை மணிக்கு மலைப் பக்கம் இடி கேட்டது. எங்கள் தலைமேல் ஒரு துளியும் விழவில்லை. ஆறு மணிக்கு அரிசி களைய ஆற்றில் இறங்கியபோது, நீரில் இலைகள் மிதந்து வந்ததைக் கவனித்தேன். சருகுகள் அல்ல; காம்போடு பிய்ந்த பச்சை இலைகளும், முறிந்த முனை இன்னும் வெளுப்பாக இருந்த சிறு குச்சிகளுமாக வந்தன. சருகு எந்த நாளும் மிதக்கும். பச்சை இலை மிதந்து வருகிறது என்றால் மேலே எங்கோ தண்ணீர் உயிருள்ள செடிகளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்று எனக்கு அது புரியவில்லை. அரிசியைக் களைந்து முடித்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று ஓர் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். இருபது நிமிடத்தில் ஆறு தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறியது. நான் உட்கார்ந்திருந்த பாறை காணாமல் போனது. அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் மந்தமான சத்தம் காலுக்குக் கீழே கேட்டது. ஆறே முக்காலுக்கு இடுப்பளவு வெள்ளம். கூடாரங்களை வாரிச் சுருட்டிக்கொண்டு சரிவில் ஏறி, மரத்தடியில் இரவைக் கழித்தோம்.

அன்றிரவு அண்ணன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. விடியும்வரை தாகம் தாகம் என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கும் தண்ணீர் தொடையளவு ஓடியது. பொறுக்க மாட்டாத மைத்துனன், நான் போய் எடுத்து வருகிறேன் என்று இறங்கி, நாலாவது அடியில் சறுக்கி, முப்பது மீட்டர் தாண்டி ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, குடிக்கக் கூடாத அளவு ஆற்று நீரைக் குடித்துவிட்டு, நாங்கள் நின்ற கரைக்கே திரும்பி வந்தான். வண்டிச் சாவி அவன் காற்சட்டைப் பையில் இருந்தது. பைக்கு ஜிப் கிடையாது.

பிற்பகல் இரண்டரை மணிக்குத்தான் எல்லோராலும் கடக்க முடிந்தது. கண்ணாடிக்கு உள்ளே நீலப் பெட்டி தெரிகிறது. சாவி ஆற்றில் போய்விட்டது. கல்லால் கண்ணாடியை உடைத்தேன். பெட்டியில் இருந்த பனிக்கட்டி உருகி வெந்நீர் போலாகியிருந்தது. அண்ணன் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். வண்டியை இழுத்து வந்ததற்கும், புதுச் சாவிக்கும், கண்ணாடிக்கும் சேர்த்து ஆயிரத்து நூறு வெள்ளி ஆனது. பணம் போனதுகூடப் பெரிதல்ல. அண்ணன் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்படி நடப்பதற்கான காரணம் எளியது. மழை பெய்கிற இடம் வேறு, வெள்ளம் வந்து சேர்கிற இடம் வேறு. தித்திவாங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஆறுகள் மேற்பகுதியில் குறுகியவை, செங்குத்தானவை. அங்கே கொட்டும் மழை தேங்க இடமில்லாமல் ஒரே கால்வாயில் திரண்டு வருகிறது. இடையில் மரக்கிளைகள் அடைத்துக்கொண்டு தற்காலிக அணையாகி, பிறகு உடைந்தால், அது படிப்படியாக ஏறாமல் சுவர் போல வரும். மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயேர்’ என்பதும், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டதும் இதைத்தான். 2023 ஜூலையில் திரெங்கானுவின் கெமாமான் வட்டாரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை வாரிச் சென்றதும் இதுவே. தாமான் நெகாரா மூன்று மாநிலங்களில் பரந்த 4,343 சதுர கிலோமீட்டர் காடு. அதன் எந்த மூலையில் இப்போது மழை பெய்கிறது என்பதை முகாமில் நின்றுகொண்டு நீல வானத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்: மலையாறு ஏறுகிற வேகத்தில் இறங்குவதில்லை. எங்கள் ஆறு ஏறியது முக்கால் மணி நேரத்தில். வடிந்ததோ ஏறத்தாழ இருபது மணி நேரத்தில். ஊறிய மண் மழை நின்ற பிறகும் நீரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, “கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும்” என்று காத்திருப்பவர் பொறுமை இழந்து இறங்குகிறார். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நேற்று முழங்காலளவில் சிரித்துக்கொண்டு கடந்த அதே இடத்தில் இன்று முழங்காலளவு நீரே ஆளைச் சாய்க்கும். கலங்கிய நீரில் அடி எடுத்து வைக்கும் கல்லும் தெரியாது.

பருவமும் நமக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையோரத்தில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. நம்மவர்கள் கூட்டமாகக் கிளம்பும் தீபாவளி விடுப்பு சரியாக அதற்குள் விழுகிறது. ஆண்டிறுதி விடுப்பில் கிழக்குப் பக்கம் போனால் வடகிழக்குப் பருவமழை காத்திருக்கும்.

என்ன செய்யலாம்? இடம் பார்க்கும்போது முதலில் மரங்களைப் பாருங்கள். கிளைகளில் சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்கினால், ஆறு ஒரு நாள் அந்த உயரம்வரை வந்திருக்கிறது. அது உங்கள் தலைக்கு மேலே இருந்தால் கீழே படுக்காதீர்கள். நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கச் சிறுவர் ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் ஒழுங்காகப் பார்ப்பார்கள். வண்டி, சாலை, மருந்து, வெளியேறும் வழி ஆகிய நான்கும் கூடாரம் இருக்கும் கரையிலேயே இருக்கட்டும்.

குனோங் தஹான் மலைக்குக் கோல தஹான் வழியாகப் போகிறவர்களுக்கு ஆற்றைக் கடக்காமல் வழியில்லை. அந்தப் பாதை சுங்கை தஹானைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. அப்படிக் கடக்க நேர்ந்தால், முதுகுப்பையின் இடுப்புவாரைக் கழற்றிவிட்டு, ஆறு அகன்று ஆழமில்லாமல் ஓடும் இடத்தில், கோலூன்றி, நீர்வரத்தைப் பார்த்தபடி கடக்க வேண்டும். கயிற்றை உடம்பில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். விழுந்தால் அந்தக் கயிறே ஆளை நீருக்குள் அழுத்திப் பிடிக்கும். நீர் ஏறியிருந்தால், அனுபவமுள்ள வழிகாட்டி அங்கேயே சோறு பொங்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். அதற்காகத்தான் ஒரு நாள் உணவு கூடுதலாகச் சுமப்பது.

ஆற்றுக்கு அஞ்சி, வெட்டிய சரிவின் அடியில் படுப்பது

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஆற்றிலிருந்து விலகி மலையடிவாரத்தில் ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலிக்கு அருகே முகாம் ஒன்றின்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று பிறகு அறிவித்தார்கள். பணம் கட்டுவதற்கு முன் உரிமத்தைக் கேளுங்கள்; முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ வெட்டி நிரப்பிய சரிவின் மேலோ கீழோ படுக்க வேண்டாம். சாய்ந்து நிற்கும் மரங்களும், தரையில் புதிதாக விட்ட வெடிப்பும், சரிவிலிருந்து கலங்கிக் கசியும் நீரும் தெரிந்தால் அன்றிரவே கிளம்பிவிடுவது நல்லது.

தலைக்கு மேலே பார்க்காதது

பட்டுப்போன கிளை காற்றில்லாத இரவிலும் விழும். டுரியான் பருவத்தில் டுரியான் மரத்தடியில் கூடாரம் போட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் என்றார்.

கூடாரத்துக்குள் அடுப்பு

வேண்டாம். எவ்வளவு மழை பெய்தாலும் வேண்டாம். அணையப்போகும் கரியடுப்பும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்விரிப்பு

கூடாரத்தின் அடியில் விரிக்கும் கேன்வாஸ் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து, நான்கு பக்கமும் ஒரு முழம் வெளியே தெரியும்படி விரிக்கிறார்கள். மேலே வழியும் மழைநீர் அந்த விளிம்பில் விழுந்து, கேன்வாஸுக்கும் கூடாரத்தின் அடிக்கும் இடையே ஓடிச் சேர்கிறது. நள்ளிரவில் தண்ணீர்ப் படுக்கை. பிறகு கூடாரம் விற்ற கடைக்காரரைத் திட்டுகிறார்கள். விளிம்பை உட்புறமாக மடித்து, கூடாரத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம்கூடத் தெரியாதபடி செருகிவிடுங்கள். மேற்கூரைத் துணியைச் சாயங்காலம் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஈரம் ஏறியதும் தொய்யும். படுக்கப் போகுமுன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

உணவோடு உறங்குவது

பகலில் குரங்கு, இரவில் காட்டுப்பன்றி, எந்நேரமும் எறும்பு. மீதமான நாசி லெமாக் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பவர்களுக்கு இந்த மூன்றும் தனித்தனியாகப் பாடம் நடத்தும்.

அட்டைக்கு அஞ்சுவது

அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆற்றை மறந்துவிடுவது

மைத்துனனின் கதை சாவியோடு முடியவில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது, கெண்டைக்கால் தசையைத் தொட விடவில்லை, கண் சிவந்திருந்தது. முதலில் போன கிளினிக்கில் டெங்கிக்குச் சோதித்து, இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் டெங்கிச் சோதனை. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் ஆற்றில் குளித்தீர்களா என்று கேட்டார். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், நீரில் கலந்த விலங்குச் சிறுநீரிலிருந்து வெட்டுக்காயம், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் போகும்; பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சலாக வெளிப்படும்; சிலருக்கு ஒரு மாதம்வரைகூட ஆகலாம். 2010இல் பகாங்கின் லுபோக் யூ வனப்பகுதியில், நீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கிய மீட்புப் பணியாளர்களே இந்நோயாலும், மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் பரவும் மெலியோய்டோசிஸாலும் பாதிக்கப்பட்டு, அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே குணமாகக்கூடியது இது.

காலில் புண்ணிருந்தால் நீரில் இறங்காதீர்கள். ஆற்று நீரைத் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாமல் கொதிக்க வைத்தே குடியுங்கள். எந்த ஆறு, எந்தத் தேதி என்பதைக் கைபேசியில் குறித்து வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், உட்கார்ந்தவுடன் முதலில் அதைச் சொல்லுங்கள்.