கடலில் நீந்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் தாங்குமா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் தாண்டிப் பாண்டிச்சேரி போய்ச் சேரவே நாலைந்து மணி நேரம், திரும்பி வரவும் அதே நேரம். என் முதல் ஸ்போர்ட்ஸ் வாட்ச் கெட்டுப்போனது அந்தத் திரும்பி வருகிற நேரத்தில்தான். பாண்டியில் காலையில் ஒரு மணி நேரம் நீந்திவிட்டு, வாட்சைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பேட்டரி குறைவாக இருந்ததால் அப்படியே சார்ஜரில் மாட்டினேன். ஓரிரு வாரத்தில், இன்னொரு தடவையும் அதையே செய்த பிறகு, வாட்சின் பின்பக்கம் இருக்கிற சின்ன சார்ஜிங் புள்ளிகளில் ஒன்று கறுத்துவிட்டது, பக்கத்துப் புள்ளியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது, ஒரு பட்டன் உள்ளே போனது போனதுதான். கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் லென்ஸைக் கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி போகல. உப்பு தின்னுருக்கு" என்றார்.

ஆக, தாங்குமா என்று கேட்டால் என் பதில் இது: சரியான வாட்சாக இருந்தால் கடல் தண்ணீரைத் தாங்கும், காய்ந்த உப்பைத் தாங்காது. முதல் தடவை கடலுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. பின்மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

5 ஏடிஎம் (ATM, தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) அல்லது 50 மீட்டர் என்று இருந்தால் நீந்தலாம். 10 ஏடிஎம் இருந்தால் இன்னும் நிம்மதி. வெறும் ஐபி67, ஐபி68 (IP, தூசியும் தண்ணீரும் புகாமைக்கான குறியீடு) மட்டும் போட்டிருந்தால் கடலுக்கு வேண்டாம். ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் சும்மா கிடந்தால் தாங்கும் என்பதற்கான அளவு. 68-ல் ஆழத்தையும் நேரத்தையும் அந்தந்தக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளும். இரண்டுமே கையை வீசி நீந்துவதற்காக வைத்த சோதனை கிடையாது.

50 மீட்டர் என்றால் 50 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை அசையாத நிலையில் தாங்கியது என்று அர்த்தம். ஐஎஸ்ஓ 22810 என்கிற தரநிலை சாதாரண வாட்ச்களுக்கு, ஐஎஸ்ஓ 6425 டைவர் வாட்ச்களுக்கு. டைவர் வாட்ச் என்றால் குறைந்தது 100 மீட்டர், ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், உப்புத் தண்ணீர்ச் சோதனையும் உண்டு.

கையை வேகமாக வீசினால் அழுத்தம் எகிறிவிடும், 50 மீட்டர் வாட்ச் தாங்காது என்று நீச்சல்குளத்தில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வராது. கை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கிழித்தாலும் கூடுகிற அழுத்தம் அரை மீட்டர் ஆழத்துக்குச் சமம், அவ்வளவுதான். இன்னொரு கணக்கும் எனக்குப் பிடிக்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனால் குறைகிற காற்றழுத்தம், கடலில் சுமார் 1.3 மீட்டர் மூழ்கினால் கூடுகிற அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். மேலாக நீந்துகிறவருக்கு அழுத்தம் பிரச்சினையே இல்லை. ஸ்கூபா டைவிங்குக்கும் படகு இழுத்துப் போகிற விளையாட்டுகளுக்கும் மட்டும் 5 ஏடிஎம் போதாது.

2. கிளம்பும் முன் வீட்டில் ஒரு சோதனை

வாட்சுக்குள் தண்ணீரைத் தடுப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். குக்கர் கேஸ்கெட் மாதிரிதான், நாள்பட நாள்பட இறுகும், வெடிக்கும். 50 மீட்டர் என்பது புது வாட்சுக்குச் சொன்ன கணக்கு. மூன்று நான்கு வருஷம் ஆன வாட்ச், கீழே விழுந்த வாட்ச், பேட்டரி மாற்றத் திறந்த வாட்ச் என்றால் கண்டிப்பாக இதைச் செய்யுங்கள்.

அறை வெப்பநிலையில் இருக்கிற நல்ல தண்ணியில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். எடுத்துத் துடைத்துக் கையில் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் வெயிலில் நடங்கள். சேலத்து வெயிலுக்கு அது போதும், அடுப்புப் பக்கமோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. வாட்ச் இளஞ்சூடாக இருக்கும்போதே கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் பொறுத்துத் துடையுங்கள். துடைத்த இடத்தில் உள்பக்கம் பனி படிந்தமாதிரி மங்கல் தெரிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அந்த வாட்ச் கடலுக்கு ஆகாது. ஆஃப் செய்து சர்வீஸுக்குக் கொடுங்கள், அரிசி டப்பாவில் புதைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

3. ஸ்ட்ராப்

சிலிகான் நல்லது. தோல் ஸ்ட்ராப் ஒரே நாளில் வீணாகிவிடும், துணி ஸ்ட்ராப் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மணிக்கட்டில் அரிப்பு கிளப்பும். ஸ்ட்ராப்பை வாட்சோடு சேர்க்கிற பின்னை நகத்தால் அசைத்துப் பாருங்கள், தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அலையில் கழன்று விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

4. தண்ணீரில் இறங்கும்போது

வாட்சில் ஓபன் வாட்டர் மோடை (கடல், ஏரி மாதிரி திறந்த நீரில் நீந்துவதற்கானது) போட்டுவிட்டு, ஜிபிஎஸ் கிடைக்கும் வரை கரையிலேயே நில்லுங்கள். சிக்னல் தண்ணீருக்குள் வராது, கை மேலே எழும்போதுதான் பிடிக்கும், அதனால் வரைபடத்தில் கோடு கொஞ்சம் கோணலாக வரும், அது கோளாறு இல்லை. டச் ஸ்கிரீனை லாக் செய்யுங்கள். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதீர்கள். இதயத் துடிப்புக் கணக்கை ரொம்ப நம்பவும் வேண்டாம். வாட்ச் இருக்கிறது என்பதற்காகத் தனியாக மட்டும் இறங்கிவிடாதீர்கள், பாண்டிக் கடலில் இழுப்பு அதிகம், அந்த இடத்தை அறிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்.

5. கரையேறியதும், பஸ் ஏறும் முன்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தவற விடாதீர்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு பட்டன் இடுக்கிலும் ஸ்பீக்கர் ஓட்டையிலும் கல்லாக உட்கார்ந்துகொள்ளும், அடுத்த தடவை பட்டனை அழுத்தும்போது அந்தக் கல் ரப்பர் வளையத்தைக் கீறும்.

நான் இப்போது ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு சின்ன டிபன் டப்பாவும் எடுத்துப் போகிறேன். கரையிலேயே டப்பாவில் வாட்சைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊற விடுவேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு தடவை. அப்புறம் வெளியே எடுத்து ஒவ்வொரு பட்டனையும் நாலைந்து தடவை அழுத்திவிட்டுப் பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பேன். தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டால், வாங்கிய குடிதண்ணீரில் நனைத்த கைக்குட்டையில் சுற்றிப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு வாருங்கள், உப்பு காயாமலாவது இருக்கும்.

வீட்டுக்கு வந்து இன்னொரு முறை கழுவுங்கள். அது மேட்டூர்த் தண்ணியாக இருக்கட்டும், போர் தண்ணி வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணி பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படியும், அதில் கழுவினால் ஒரு உப்பை எடுத்துவிட்டு இன்னொரு உப்பை வைத்தமாதிரி. சோப்பும் வெந்நீரும் கூடாது. சன்ஸ்கிரீன் பட்டிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அந்தப் பிசுக்கு ரப்பருக்கு ஆகாது.

6. சார்ஜ்

முழுசாகக் காயும் வரை சார்ஜரில் மாட்டாதீர்கள். புள்ளிகளில் உப்பீரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உலோகம் கரைய ஆரம்பிக்கும், பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்பு அதுதான். என் வாட்சில் பச்சை பூத்ததும் அப்படித்தான். ராத்திரி முழுக்கக் காற்றாட வைத்துவிட்டுக் காலையில் மாட்டுங்கள்.

வாட்சின் உடம்பு ஸ்டீலாயிற்றே, துருப்பிடிக்காதே என்று சேலம் உருக்காலை ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றும். நல்ல தரமான வீட்டுத் தட்டு, டம்ளரில் இருப்பது 304 ரக ஸ்டீல். நல்ல வாட்ச்களில் 316எல், மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்த்தது, உப்பை இன்னும் நன்றாக எதிர்க்கும். அதுவும் ஸ்ட்ராப் அடியில், காற்று போகாத இடுக்கில் உப்பு தங்கினால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அதனால் கழுவும்போது ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். டைட்டானியம் என்றால் இந்தக் கவலை இல்லை.

7. கடைசியாக, ஏற்காடு மலைப்பாதையில்

உயரம் காட்டுகிற பாரோமீட்டர் உள்ள வாட்சில் ஓரத்தில் ஊசி முனையளவு ஓட்டைகள் இருக்கும், உப்பு அடைத்தால் முதலில் கெடுவது அந்த அளவுதான். கடலுக்குப் போய் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து மேலே போகும்போது கவனியுங்கள். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒவ்வொரு வளைவுக்கும் எண் சீராக ஏறிக்கொண்டே போனால் நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள். அஞ்சாறு வளைவு ஒரே எண்ணில் நின்று திடீரென்று நூறு மீட்டர் தாவினால் ஓட்டை அடைத்திருக்கிறது. ஊக்கு, ஊசி எதையும் விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கிற சென்சார் கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணியில் அரை மணி நேரம் ஊறப் போட்டுக் காயவைத்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை மலை ஏறிப் பாருங்கள்.