மலிவுப் பெற்றோல் அடித்தால் எஞ்சின் கெடுமா?

"சுப்பர்மார்க்கெட் பெற்றோல் அடிச்சால் எஞ்சின் போயிடும்." லண்டனில் பெற்றோல் ஷெட்டில் நிற்பவர்களே இப்படிச் சொல்லும்போது கேட்பவர் நம்பத்தான் செய்வார். ஆனால் இதில் உண்மை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் எல்லாக் காருக்கும் பொருந்தாது.

பிரித்தானியாவில் யார் விற்றாலும் பெற்றோல் பீஎஸ் ஈஎன் 228 என்ற தரக்கட்டளைக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு, 95க்குக் குறையக்கூடாது. கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எதனோல் எவ்வளவு, ஆவியாகும் தன்மை எவ்வளவு என்பதற்கும் எல்லை உண்டு. டெஸ்கோவுக்கு ஒரு சட்டம், ஷெல்லுக்கு ஒரு சட்டம் என்று கிடையாது.

வித்தியாசம் எங்கே வருகிறது என்பதைப் பார்க்க டிப்போவுக்குப் போகவேண்டும். சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் கப்பலிலிருந்தும் வரும் பெற்றோல் குழாய் வழியே பெரிய தாங்கிகளுக்கு வந்து சேர்கிறது. ஒரே டிப்போவில், ஒரே தாங்கியிலிருந்து, பெயர்பெற்ற நிறுவனத்தின் பவுசரும் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போகும் பவுசரும் அடுத்தடுத்து நிரப்பிக்கொண்டு போவது வழமை. பவுசர் சாரதி தன் அட்டையைக் காட்டியதும் எந்த நிறுவனத்துக்கான சரக்கு என்பது கணினிக்குத் தெரிந்துவிடும். அதற்கேற்ற சுத்திகரிப்பு மருந்து, அதாவது அடிடிவ், பெற்றோல் ஓடும்போதே குழாய்க்குள் செலுத்தப்படும். அளவு மிகச் சிறியது. சாதாரணப் பெற்றோலில் ஆயிரம் லீற்றருக்கு ஒரு லீற்றர்கூட வராது. ஆக, நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்தச் சொட்டு மருந்துக்குத்தான்.

அந்த மருந்து வேலை செய்யும், அது வெறும் விளம்பரம் அல்ல. எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியில் கரி படிந்தால் பெற்றோல் பூவாகத் தெளிக்காமல் நூலாக வடியும், எரிதல் சீராக இராது. மருந்து அந்தக் கரியைப் படியவிடாது, படிந்ததை மெல்லக் கரைக்கும். ஐரோப்பியத் தரக்கட்டளை இந்த மருந்தை அனுமதிக்கிறதே தவிர, குறைந்தது இவ்வளவு போடவேண்டும் என்று சொல்வதில்லை. சுப்பர்மார்க்கெட்டுகளிலும் சில சேர்க்கின்றன. எவ்வளவு என்பதை எந்த நிறுவனமும் பம்பில் எழுதி வைப்பதில்லை. அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் சேர்ந்து 2004இல் தொடங்கிய, போதிய மருந்து உள்ள பெற்றோலுக்குக் கொடுக்கும் 'டொப் டியர்' முத்திரை போல இங்கே ஒன்று இல்லாதது பெரிய குறைதான்.

இனி உங்கள் காரைப் பாருங்கள். எஞ்சின் எந்த வகை என்பது முக்கியம். பழைய முறையில் இன்ஜெக்டர் வால்வுக்குப் பின்னால் தெளிக்கும், எனவே மருந்து கலந்த பெற்றோல் வால்வையும் கழுவிக்கொண்டே போகும். இப்போதைய டர்போ பெற்றோல் கார்களில் பெரும்பாலானவை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிப்பவை. அவற்றில் உள்ளெடுக்கும் வால்வின் முதுகில் பெற்றோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரி எண்ணெய் ஆவியிலிருந்து வருவது, அதை எவ்வளவு விலையுயர்ந்த பெற்றோலாலும் எடுக்க முடியாது. கராஜில் கழற்றித்தான் சுத்தம் செய்யவேண்டும். ஆனால் அதே எஞ்சினில் இன்ஜெக்டர் நுனி நெருப்புக்குள்ளேயே இருப்பதால், அதற்கு மருந்து நிச்சயம் உதவும்.

அடுத்தது ஒக்டேன். பெற்றோல் மூடியின் உட்பக்கத்திலோ கைநூலிலோ எழுதியிருப்பதைப் பாருங்கள். 95 என்று மட்டும் இருந்தால் 99 அடித்து வேகம் கூடப்போவதில்லை. 98 என்று இருந்தால், 95 அடிக்கும்போது நொக் சென்சர் எஞ்சின் தட்டுவதை உணர்ந்து தீப்பொறியைப் பிந்த வைக்கும். எஞ்சின் கெடாது, ஆனால் இழுவையும் மைலேஜும் சற்றுக் குறையும். இப்படிப்பட்ட காருக்கு சுப்பர், அதாவது ஒக்டேன் கூடிய பெற்றோல், அடிப்பது நியாயம். அதற்கும் பெரிய பெயரைத் தேடவேண்டும் என்றில்லை: டெஸ்கோவின் மொமென்டம் 99 ஒக்டேன்தான், ஷெல் வீ-பவரும் 99தான். மற்றச் சில சுப்பர்மார்க்கெட்டுகளின் சுப்பர் 97. பம்பில் இலக்கத்தைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

இன்னொன்று எதனோல். 2021 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸில் சாதாரணப் பெற்றோல் ஈ10, அதாவது 10 வீதம் வரை எதனோல். சுப்பர் ஈ5. 2011இலிருந்து தயாரித்த எல்லாப் பெற்றோல் கார்களும் ஈ10ஐத் தாங்கும். அதற்கு முந்தியது என்றால் அரசாங்க இணையத்தளத்தில் காரின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பொருந்தாத காருக்குத் தவறுதலாக ஒருமுறை அடித்துவிட்டால் தாங்கியை வெறுமையாக்கத் தேவையில்லை, அடுத்தமுறை ஈ5 அடித்தால் போதும். தொடர்ந்து அடித்தால்தான் பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் இளகும். பல மாதம் ஓடாமல் நிற்கப்போகும் காருக்கும் ஈ5 நல்லது, ஏனெனில் எதனோல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

'மலிவுப் பெற்றோல் மைலேஜ் தராது' என்பவர்களுக்கு

நீங்களே அளந்து பார்க்கலாம், ஆனால் ஒரு தாங்கியை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். தானாக நிற்கும் பம்ப் ஒருமுறை முந்தியும் ஒருமுறை பிந்தியும் நிற்கும், ஒரு லீற்றர் சாதாரணமாக வித்தியாசப்படும். 36 லீற்றரில் ஒரு லீற்றர் என்றால் ஏறக்குறைய 3 வீதம். நீங்கள் தேடும் வித்தியாசமே அதைவிடச் சிறியது!

செய்யவேண்டியது இது. முதல் 'கிளிக்' வரை நிரப்பி, மைல் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். ஒரே வகைப் பெற்றோலை அடுத்து மூன்று தடவை, முடிந்தால் அதே பம்பில், ஒவ்வொரு முறையும் முதல் கிளிக்கில் நிறுத்தி நிரப்புங்கள். மூன்றின் லீற்றரையும் கூட்டி, மொத்த மைலை 4.546ஆல் (ஒரு கலனில் உள்ள லீற்றர்) பெருக்கி, அந்த லீற்றரால் வகுத்தால் கலனுக்கு எத்தனை மைல் என்று வரும். உதாரணமாக 936 மைலுக்கு 109.2 லீற்றர் போயிருந்தால் 39. பிறகு மற்றப் பெற்றோலுக்கும் இதேபோல் செய்யுங்கள். நடுவிலுள்ள கிளிக் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும், முதலாவதும் கடைசியும்தான் மிஞ்சும், அது ஒரு வீதத்துக்குள் அடங்கும். ரயர் காற்று இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றை ஒக்டோபரிலும் மற்றதை ஜனவரியிலும் அளந்தால் கணக்குக்கு அர்த்தமில்லை. குளிரும் குறுகிய ஓட்டமும் எந்தப் பெற்றோல் மாற்றத்தையும் விட அதிகமாக மைலேஜைக் குறைக்கும்.

காசுக் கணக்கு இன்னும் எளிது. மலிவுப் பெற்றோல் லீற்றர் 140 பென்ஸ், பெயர்பெற்றது 145 என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 பென்ஸைத் திருப்பி எடுக்க மைலேஜ் 3.6 வீதம் கூடவேண்டும். சுப்பர் 156 என்றால் 11 வீதத்துக்கு மேல், 95 என்று எழுதிய காரில் அது நடக்காது. மறுபக்கமும் பாருங்கள்: 40 லீற்றர் அடித்தால் மிச்சம் 2 பவுண். அதற்காக 6 மைல் சுற்றினால், கலனுக்கு 40 மைல் ஓடும் காரில் 95 பென்ஸ் அதிலேயே போய்விடும். சாமான் வாங்கப் போகும் வழியில் அடித்தால்தான் லாபம். மோட்டர்வே சேர்விஸில் மட்டும் அடிக்காதீர்கள், பிராண்டு எதுவானாலும் அங்கே விலை அதிகம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கடைப் பெயரும் பெற்றோல் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. எஸ்ஸோ ஷெட்டில் டெஸ்கோ எக்ஸ்பிரஸ் இருந்தால், பம்பில் வருவது எஸ்ஸோ பெற்றோல். மேற்கூரையில் உள்ள பெயரைப் பாருங்கள், கடை வாசலில் உள்ளதை அல்ல.

சாதாரணக் காருக்கு எங்கள் பரிந்துரை: வழியில் இருக்கும், நிறைய விற்பனையாகும் மலிவான இடத்தில் 95 அடியுங்கள். விற்பனை அதிகமென்றால் நிலத்தடித் தாங்கியில் பெற்றோல் தேங்கி நிற்காது. நேரடித் தெளிப்பு எஞ்சினாக இருந்து, ஓட்டம் முழுவதும் ஊருக்குள் குறுகியதாக இருந்தால், நான்கைந்து தாங்கிக்கு ஒருமுறை பெயர்பெற்ற சுப்பர் அடிக்கலாம். அல்லது பொலிஈதர் அமின் என்ற, கரியைக் கரைக்கும் மருந்து உள்ள கிளீனர் போத்தல் ஒன்றை, லேபலில் சொன்ன அளவில், ஒரு முழுத் தாங்கிக்கு ஊற்றலாம். எஞ்சின் எண்ணெய் மாற்றுவதற்கு முந்திய தாங்கியில் ஊற்றுவது நல்லது, மருந்தில் ஒரு பகுதி எண்ணெய்க்குள்ளும் இறங்கும். இரண்டு போத்தலைச் சேர்த்து ஊற்றுவதால் இரட்டிப்புப் பலன் வராது.

உண்மையிலேயே கெட்ட பெற்றோல் வந்ததும் உண்டு. 2007 தொடக்கத்தில் தென்கிழக்கு இங்கிலாந்தில் சுப்பர்மார்க்கெட்டுகளில் விற்ற பெற்றோலில் சிலிக்கன் கலந்து, பெருந்தொகையான கார்களில் ஒட்சிசன் சென்சர் பழுதானது. கார் உதறியது, இழுவை போனது, எஞ்சின் விளக்கு எரிந்தது. கலப்படம் நடந்தது கடைப் பம்பில் அல்ல, விநியோகத்தின் மேல்மட்டத்தில்.

பெற்றோல் அடித்துச் சில மைலுக்குள் இப்படி ஏதாவது நடந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டாம். முதலில் பற்றுச்சீட்டில் எந்த வகை, எந்தப் பம்ப் என்று பாருங்கள், டீசல் மாறி அடித்ததாகவும் இருக்கலாம். கராஜில் தாங்கியிலிருந்து மாதிரி எடுத்து மூடி வைக்கச் சொல்லி, பழுதுக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஷெட்டுக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பெற்றோலுக்கும் பொருந்தும். அவர்கள் மறுத்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, வணிகர்களைக் கண்காணிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குப் போகலாம். வங்கிக் கணக்கில் தொகை மட்டும்தான் இருக்கும், பம்ப் இலக்கம் இராது. ஆகவே அடுத்த தாங்கி நிரப்பும் வரையாவது அந்தப் பற்றுச்சீட்டைக் காரில் வைத்திருங்கள்.