சாலை விபத்து மரணம்: போலீஸ் விசாரணையின்போது குடும்பங்கள் செய்துவிடும் தவறுகள்

2022இல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் இழவு நடந்துகொண்டிருந்தபோதே சித்தப்பாவோ மச்சானோ யாரோ ஒருவர் காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் அலைந்திருப்பார். வழக்கின் போக்கு பெரும்பாலும் அந்த அலைச்சலில்தான் முடிவாகிறது. பிறகு எவ்வளவு பெரிய வக்கீலை வைத்தாலும், முதல் சில நாட்களில் எழுதப்பட்ட தாள்களைத்தான் நீதிமன்றம் புரட்டிப் பார்க்கும்.

அந்தத் தாள்களில் முதலில் வருவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். காப்பி என்பார்கள். "என்ன ஆச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். பதற்றத்தில் "வண்டியில இருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். பின்னால் வந்து இடித்த லாரி அந்த ஒரு வரியில் இல்லாமல் போகிறது. "தானாகத் தவறி விழுந்தவர்" என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாட இதைவிட வசதியான ஆவணம் கிடையாது. எந்த வாகனம் மோதியது, எந்த இடத்தில் என்பதைச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

அடுத்தது புகார். விபத்தைப் பார்க்காத அண்ணன், பார்த்த மாதிரியே எழுதிக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வாசகத்தை நிலைய எழுத்தரே சேர்த்துவிடுவார். அண்ணன் கையெழுத்துப் போடுவார். விசாரணையில் "சம்பவ நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், சாட்சி உடைந்துவிடும். நேரில் பார்க்காதவர் புகார் கொடுப்பதில் தவறே இல்லை. யார் சொல்லித் தெரிந்தது என்று அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேரம், இடம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனார், எதிர் வண்டி எப்படி வந்தது, அதன் எண் என்ன: இவை இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த நிலையமும் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான் என்பதற்காக, பின்னால் உட்கார்ந்திருந்தவரை ஓட்டியவராகக் காட்டும் குடும்பங்களும் உண்டு. காயம் பட்ட இடமும் தெருக் கேமராவும் உண்மையைச் சொல்லிவிடும். அப்போது பொய் சொன்ன குற்றமும் சேரும், இழப்பீடும் போகும்.

எனக்கு மிகவும் மனம் வலிக்கும் தவறு வேறொன்று. அடிபட்டவர் உடனே இறப்பதில்லை. தனியார் மருத்துவமனையில் சில நாள் கிடக்கிறார், பணம் கரைகிறது, "வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்கிறார்கள். வீட்டில் உயிர் போகிறது. பிரேதத்தை அறுக்க வேண்டாமே என்ற பாசத்தில் அன்று மாலையே தகனம் செய்துவிடுகிறார்கள். காவல் நிலையத்தில் அந்த வழக்கு காய வழக்காகவே கிடக்கிறது. மரணம் விபத்துக் காயத்தால்தான் என்று காட்டப் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல், அந்த மனைவி ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது. இறந்த உடனே, எரிப்பதற்கு முன், விசாரிக்கும் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். அவர்கள் பிரேத விசாரணை நடத்தி, உடலைப் பரிசோதனைக்கு அனுப்பி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான பிரிவுக்கு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)க்கு, வழக்கை மாற்ற வேண்டும். பிரிவு மாறியதற்கான அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கேமராப் பதிவு காத்திருக்காது. கடைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் உள்ள பெட்டிகளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். காரியம் முடியட்டும் என்று நினைத்தால் பதிவு போய்விடும். எந்தெந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து, விசாரணை அதிகாரியிடம் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸப்பில் சுற்றவிட்டால் மட்டும் சாட்சியம் ஆகாது; இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

பிணவறை வாசலில் ஆறுதல் சொல்லிக்கொண்டே வரும் புரோக்கர்கள் நீட்டும் எழுதாத தாளிலோ வக்காலத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். வண்டிக்காரர் தரப்பு ஒரு தொகையைக் கொடுத்து "கேஸ் வேண்டாம்" என்று எழுதி வாங்க வந்தாலும் அப்படித்தான். 106(1) சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் இல்லை. அந்தத் தாள் வழக்கை முடிக்காது, உங்கள் சாட்சியத்தைத்தான் பலவீனப்படுத்தும். இழப்பீடு வரப்போவதோ வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து. இன்னொன்று: டிரைவர் அன்றே ஜாமீனில் வந்தார் என்றால் போலீஸ் விலைபோய்விட்டது என்று பொருளல்ல. அந்தப் பிரிவே ஜாமீன் தரக்கூடியது. அந்தக் கோபத்தில் விசாரணை அதிகாரியோடு பேச்சை முறித்துக்கொள்பவர்கள், அதற்குப் பிறகு நடப்பது எதையும் தெரிந்துகொள்ளாமல் போகிறார்கள்.

நடப்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கும் சொல்ல வேண்டும். விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடம், அந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றை வாங்கிப் பாருங்கள். வரைபடத்தில் வண்டி சாலையின் தவறான பக்கத்தில் குறிக்கப்பட்டிருந்தால், அன்றே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்த கெடு 6 மாதம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அந்த வழக்குகளை நம்பி மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

மோதிய வண்டி கிடைக்கவே இல்லை என்று வழக்கை முடித்து அறிவிப்பு அனுப்பினால், பலர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதை எதிர்த்து மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனு போடலாம். மோதிவிட்டு ஓடிய வாகனத்தால் நேர்ந்த மரணத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவில் 2 லட்சம் ரூபாய் உண்டு. வண்டி பிடிபடும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களோடு வருவாய்த் துறை அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம்.