கேம்ஷாஃப்ட் மாற்றுமுன் டியூரேஷனைப் பாருங்கள்

எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். அதை வாங்குகிறவர்கள் லிஃப்ட், அதாவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் வண்டியின் குணத்தை அதிகம் மாற்றுவது டியூரேஷன், அதாவது கிராங்க்ஷாஃப்ட் எத்தனை டிகிரி சுற்றும் வரை வால்வு திறந்திருக்கிறது என்பது.

2008 முதல் 2013 வரை கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கேமில், 0.050 அங்குல லிஃப்டில் அளந்தால் டியூரேஷன் இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வுக்கு 204, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுக்கு 211 டிகிரி. லோப் இடைவெளி, அதாவது கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளின் உச்சிகளுக்கு இடையிலுள்ள கோணம், 117 டிகிரி. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இன்டேக் 220 பக்கம் இருந்தாலே தாராளம். 230-ஐத் தாண்டினால் சக்தியெல்லாம் மேல் ஆர்பிஎம்முக்கு ஏறிவிடும், ஊருக்குள் வண்டி முக்கும். டியூரேஷனை அப்படியே வைத்து லோப் இடைவெளியை 112-க்குக் குறைத்தால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடி, ஐடிலில் அந்தக் குலுங்கல் வரும். கேட்கச் சுகம்தான், நெரிசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்!

கேமுக்கு மட்டும் காசு ஒதுக்காதீர்கள். வால்வு ஸ்பிரிங், புஷ்ராட் (வால்வைத் தள்ளும் கம்பி), ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்) டியூனிங் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. பழைய ஸ்பிரிங்கோடு விரட்டினால் வால்வு மிதந்து, அதாவது நேரத்துக்கு மூடாமல், பிஸ்டனில் இடிக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால், பெரிய கேமுக்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டி வரும்.