வெளிநாட்டுப் பணம் வாங்க ஸ்விஃப்ட் கோடு: எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது எப்படி?

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒயர் டிரான்ஸ்ஃபரில் பணம் அனுப்புபவர் முதலில் கேட்பது ஸ்விஃப்ட் கோடு, அதாவது வெளிநாட்டு வங்கிகளுக்கு உங்கள் வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு. படிவத்தில் 'பிஐசி' என்று இருந்தாலும் அது இதேதான். பாஸ்புக்கில் கண்ணில் படும் ஐஎஃப்எஸ்சி-யைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாட்டுக்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புவதற்கானது.

1. கோடைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டேட் வங்கியின் கோடு எஸ்-பி-ஐ-என்-ஐ-என்-பி-பி. முதல் 4 எழுத்து வங்கி, அடுத்த 2 நாடு, அதற்கடுத்த 2 ஊர், இங்கே மும்பை. இதோடு கோடு முழுமை. கிளையைக் குறிக்க இன்னும் 3 சேர்ந்து 11 ஆகவும் வரலாம். படிவம் 11-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கடைசியில் மூன்று எக்ஸ் சேருங்கள். அது தலைமையகத்தைக் குறிக்கும்.

ஐஎஃப்எஸ்சி-யும் 11-தான், குழப்பமே அங்கேதான். ஐந்தாவது இடத்தைப் பாருங்கள்: சுழியம் இருந்தால் ஐஎஃப்எஸ்சி. ஐந்தும் ஆறும் ஐ, என் என்று இருந்தால் இந்திய வங்கியின் ஸ்விஃப்ட்.

2. கிளையில் கேளுங்கள். சின்ன ஊர்க் கிளைகள் பலவற்றுக்குத் தனிக் கோடு கிடையாது. எந்தக் கோடைத் தரவேண்டும் என்று கிளையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பணம் அந்தக் கோடுள்ள அலுவலகத்துக்கு வந்து, கணக்கு எண்ணைப் பார்த்து உங்களிடம் சேரும். அதனால் கணக்கு எண்ணின் முன்னால் சுழியங்கள் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

3. பெயர். பாஸ்புக்கில் 'கே. முருகேசன்', மகன் அனுப்பும்போது 'முருகேசன் கந்தசாமி' என்று விரித்து எழுதுகிறார். நம் ஊர் இனிஷியலால் பணம் நிற்பது இப்படித்தான். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்து அப்படியே எழுதட்டும்.

4. ஐபான் (IBAN) கேட்டால்? பல நாடுகளில் புழங்கும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் அது. இந்தியாவில் ஐபான் இல்லை. அந்தக் கட்டத்தில் கணக்கு எண்ணைப் போடலாமா என்று அனுப்பும் வங்கியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

5. கட்டணம். கட்டணம் யார் கொடுப்பது என்று அனுப்பும் படிவத்தில் கேட்கும். 'ஷா' (SHA) என்றால் இருவரும் பகிர்வது. இடையிலுள்ள வங்கி பிடிப்பது போக மீதிதான் வரும். குறையாமல் வரவேண்டுமானால் அனுப்புபவரே எல்லாம் ஏற்கும் 'ஓ-யு-ஆர்' (OUR) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தவறான கோடில் போன பணம் திரும்பி வந்தாலும் கட்டணம் கழிந்தே வரும். தாமதமானால் அனுப்பியவரிடம் 36 குறிகள் கொண்ட யுஇடிஆர் (UETR) என்னும் பரிமாற்றத் தேடல் எண்ணை வாங்கிக் கிளையில் கொடுங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம். வந்த பிறகு, பணம் எதற்காக வந்தது என்பதைக் காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் குடும்பச் செலவுக்கு அனுப்பியதென்றால் அது பி1301.