டயோனிசஸ் வழிபாடு: அடிக்கடி சறுக்கும் இடங்கள்

கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸ் என்றதும் மலைக்காட்டில் வெறிகொண்டு ஆடும் பெண்கள், உயிரோடு கிழிபடும் விலங்கு, பச்சை மாமிசம் என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் காட்சி கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்தில் வருவது. கி.மு. 405 வாக்கில் ஏதென்ஸில் மேடையேறிய புராணக் கதை அது. அதை அப்படியே சடங்கின் நேரடி வர்ணனையாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

நாடகத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கல்வெட்டுகளைப் படியுங்கள். மிலேட்டஸ் நகரில் கி.மு. 276 வாக்கில் வெட்டிய சாசனத்தில் பச்சை இறைச்சிப் படையல் இருக்கிறது. ஆனால் ஊர் சார்பில் பூசாரிப் பெண் முதலில் இட்ட பிறகே மற்றவர்கள் இடலாம். தனியாகத் தீட்சை கொடுக்க விரும்பும் பெண் அவருக்கு ஒரு ஸ்டேட்டர் காசு கட்ட வேண்டும். வெறியாட்டத்தைவிடக் கோயில் நிர்வாகத்தின் வாடைதான் இதில் அதிகம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் இயங்கிய இயோபாக்கோய் என்ற டயோனிசஸ் பக்தர் சங்கத்தின் விதிகள் இன்னும் சுவாரஸ்யம். கூட்டத்தில் கைகலப்பு செய்தால் 25 டிராக்மா அபராதம். அடி வாங்கியவர் சங்கப் பூசாரியிடம் முறையிடாமல் வெளியே வழக்குக்குப் போனால் அவருக்கும் அபராதம். கலாட்டா செய்பவர் பக்கத்தில் ஒழுங்கு அதிகாரி ஐவிக்கொடி சுற்றிய தண்டத்தை வைப்பார். உடனே எழுந்து போய்விட வேண்டும். அடம்பிடித்தால் 'குதிரைகள்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஆட்கள் வெளியே தள்ளுவார்கள். இது ஆண்கள் சங்கம் என்பதால், பெண்கள் மட்டுமே வழிபட்டார்கள் என்ற கூற்றும் அடிபட்டுப் போகிறது.

ஊர்த் திருவிழாவையும் ரகசியத் தீட்சையையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஆந்தெஸ்டீரியா ஏதென்ஸ் நகரமே கூடிக் கொண்டாடிய மூன்று நாள் விழா. இரண்டாம் நாளில் ஆளுக்கொரு குடம் மது, ஏறத்தாழ 3 லிட்டர். அதைப் பேசாமல் தனித்தனியாகக் குடிப்பது வழக்கம். கிரேக்கர் பொதுவாகத் தண்ணீர் கலந்தே மது குடித்தார்கள் என்பதை மறந்தால் அந்த அளவு தப்பாகப் புரியும்.

மலைச் சடங்கு 'மூன்றாண்டுக்கு ஒருமுறை' என்று எழுதுவதும் பிழை. தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணுவது கிரேக்கர் வழக்கம். நம் கணக்கில் அது ஓராண்டு விட்டு ஓராண்டு.

வெளிநாட்டிலிருந்து தாமதமாக வந்த கடவுள் என்பதும் செல்லாது. கிரீட் தீவின் கானியாவில் கிடைத்த கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகையில் ஜீயஸுடன் இவர் பெயரும் இருக்கிறது, தேன் பெறுபவராக.

கடைசியாக, கி.மு. 186இல் ரோம் இவ்வழிபாட்டை 'அடியோடு தடைசெய்தது' என்ற வரியும் தவறு. இதைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் பரபரப்புக் கதை சுமார் 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியது. ரோமின் செனட் சபை போட்ட ஆணையைப் பொறித்த வெண்கலத் தகடே இன்று வியன்னாவில் இருக்கிறது. பொதுநிதி வைக்கக் கூடாது, ஆண் பூசாரியாகக் கூடாது, அனுமதியில்லாமல் இரண்டு ஆண், மூன்று பெண் என ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்கிறது அது. வழிபட்டே ஆக வேண்டும் என்பவர் பிரேட்டர் எனும் ரோமானிய நீதி அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 100 செனட்டர்கள் இருக்கும் அவையில் அது முடிவாகும்.