குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்காமல் உதவுவது எப்படி: புதிதாகத் தொடங்கும் குழுக்களுக்கு

நாலைந்து பேர் சேர்ந்து குழந்தைகளுக்காக ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் "ஒரு குழந்தைகள் இல்லம் ஆரம்பிக்கலாமே" என்று சொல்லிவிடுவார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இடம் தர ஒருவர், மாதம் ஒரு மூட்டை அரிசி தர ஒருவர் என்று ஆட்களும் கிடைத்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அம்மா இருக்கிறார், இல்லையென்றால் பாட்டி இருக்கிறார். கையில் காசில்லை, வேலைக்குப் போகிற நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால்தான் பிள்ளை அங்கே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது அதே சட்டத்தின்படி குற்றம்.

எங்கள் முதல் வருடத்தில், கணவரை இழந்த ஓர் அம்மாவின் இரண்டு பிள்ளைகளை நாங்களே அலைந்து திரிந்து ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டோம். ஆறு மாதம் கழித்து வாரச் சந்தையில் அவரைப் பார்த்தபோது, "பெரியவன் என்கிட்ட பேச மாட்டேங்கிறான்க்கா" என்று காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அந்தக் குடும்பம் வாங்கியிருக்கக்கூடிய இரண்டு அரசு உதவிகள் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பையன் அம்மாவோடுதான் இருந்திருப்பான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

மாவட்டம் முழுக்க என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஊராட்சி, அல்லது டவுனில் நாலு தெரு போதும். நாங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் வருகிற குடும்பங்களோடு வேலை செய்கிறோம், அதில் பாதிக்கு மேல் இருளர் பழங்குடிக் குடும்பங்கள். எங்கள் வேலை இரண்டு ஊராட்சிக்குள்தான். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது தெரிகிற அளவுக்கு இடம் சின்னதாக இருக்க வேண்டும்.

அப்புறம், வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் மூன்று பேரைப் பாருங்கள். அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர். எந்தப் பிள்ளை எடை ஏறாமல் இருக்கிறது, எந்த வீட்டுப் பெண் மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடமாடவே இல்லை, யார் ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை, எல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலையோடு இருப்பவர்கள். "உங்களுக்கு எந்த வீடு கவலையாக இருக்கிறது?" என்று கேளுங்கள், அவர்களே நாலு வீட்டைச் சொல்வார்கள். ஊராட்சித் தலைவரையும் பார்த்துவிடுங்கள், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பல ஊர்களில் அந்தக் குழு காகிதத்தோடு நின்றுவிட்டது. நீங்கள் போய் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாலே சில இடங்களில் கூட்டம் நடக்க ஆரம்பிக்கும்.

வீட்டுக்குப் போகும்போது

இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். காலையில் போகாதீர்கள், 100 நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போயிருப்பார்கள். சாயங்காலம் அடுப்பு பற்ற வைக்கிற நேரமும் வேண்டாம். நாங்கள் சாப்பாடு முடிகிற நேரம், ஏழரை மணி வாக்கில் போவோம். முதல் தடவை நோட்டு, படிவம், கேமரா எதுவும் எடுத்துப் போகாதீர்கள். நோட்டைப் பார்த்தாலே கடன் வசூலிக்க வந்தவர்கள் என்றோ கணக்கெடுக்க வந்தவர்கள் என்றோதான் நினைப்பார்கள். கீழே உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், மறுத்தால் அது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆரம்பத்தில் "மேடம்", "சார்" என்பார்கள், மூன்றாவது தடவை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். அதுவரைக்கும் வருமானம், கடன், குடி பற்றி எல்லாம் நீங்களாகக் கேட்க வேண்டாம். பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள்: என்ன பிடிக்கும், யாரிடம் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி யார் பக்கத்தில் தூங்கும். அம்மா பேச ஆரம்பித்துவிடுவார், மற்றதெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எப்படியாவது தெரிந்துகொள்ளுங்கள். கடன் கொடுத்தவரிடம் ரேஷன் கார்டும் ஏடிஎம் கார்டும் அடகாக இருக்கிற வீடுகள் உண்டு, அந்த வீட்டுக்கு எந்த உதவித்தொகை வாங்கிக் கொடுத்தாலும் அது நேராக வேறு கைக்குப் போய்விடும். முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தால்தான் அடுத்த வேலை.

ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள். "வாங்கித் தருகிறோம்" என்று எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள், "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

காகித வேலை

பணம் திரட்டுவதை விட, சாமான் கொடுப்பதை விட, ஒரு குடும்பத்தின் காகிதங்களைச் சரி செய்து கொடுப்பதுதான் ஒரு சிறு குழு செய்யக்கூடிய பெரிய உதவி என்பது என் அனுபவம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கிக் கொடுங்கள், அது அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அசல் சான்றிதழ் எதையும் உங்கள் அலுவலகத்தில் வாங்கி வைக்காதீர்கள்.

பிறப்புச் சான்றிதழ் முதலில். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது, ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) வரைக்கும் போக வேண்டி வரும். சூளையிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. பதிவாகி, பெயர் மட்டும் சேர்க்காமல் விட்ட சான்றிதழ்களும் நிறைய இருக்கும், அதையும் பாருங்கள். ஆனால் பிறப்புச் சான்று வரும்வரை பள்ளிக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டாம்: வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. இதை மரியாதையாக, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அந்தத் தலைமையாசிரியர் உங்களுக்கு அடுத்த வருடமும் வேண்டும்.

பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் கொடுப்பது. இருளர் குடும்பங்கள் இதற்கு வருடக்கணக்கில் அலைகிறார்கள். மனு கொடுத்த தேதி, எண், எந்த அலுவலகம், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி அதே ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை போகும்போது "புதுசா மனு கொடுங்க" என்று அனுப்பிவிடாமல் இருக்க அந்த ஒரு தாள் உதவும்.

அப்பா இறந்துவிட்ட வீடு என்றால் இந்த வரிசையில் போங்கள்: இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று, பிறகு விதவை உதவித்தொகை. மாதம் 1200 ரூபாய். அதோடு நிறுத்தாதீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அப்பாவை இழந்த பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்கிற பிள்ளைகள், பெற்றோருக்குத் தீராத நோய் உள்ள பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம் இது பொருந்தும். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2025-இல் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய் உண்டு. பிள்ளையை ஓர் இல்லத்தில் விட நினைக்கிற அம்மாவுக்கு, விதவை உதவித்தொகையும் குழந்தைக்கான நிதி ஆதரவும் சேர்ந்து மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் நிலையாக வரும் என்றால் அந்த நினைப்பே மாறிவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இவற்றுக்கு ஒப்புதல் வர மாதங்கள் ஆகும். நடுவில் வருகிற மாதங்களை எப்படி ஓட்டுவது என்பதையும் அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள், அதில்தான் பல குடும்பங்கள் சரிந்துவிடுகின்றன.

சூளைக்குப் போகிற குடும்பங்கள்

பொங்கல் முடிந்த கையோடு, சூளைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்காகக் குடும்பம் கிளம்பிவிடும், மழை தொடங்குகிற வரைக்கும் திரும்பாது. பிள்ளைகளும் கூடப் போவார்கள், சின்னது மணலில் விளையாடும், பெரியது செங்கல் திருப்பிப் போடும். போகாதே என்று சொல்வதில் பயனில்லை, முன்பணம் ஏற்கெனவே வைத்தியத்துக்கோ கல்யாணத்துக்கோ செலவாகியிருக்கும். டிசம்பர் மாதமே போய்ப் பேசுங்கள். பாட்டியோ சித்தியோ பார்த்துக்கொள்ள முடியுமா, அந்தப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா, விடுதியில் இடம் உண்டா என்று பாருங்கள். கூடப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிற எண்) அம்மாவின் போனில் பதிந்து கொடுத்து, சூளைக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தத் தலைமையாசிரியருக்கு நீங்களே போன் செய்துவிடுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டமும் மதிய உணவும் இருப்பதால், அங்கே சேர்ந்த பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு உறுதி, அம்மாக்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

குடும்பத்தைச் சூளையை விட்டு வெளியே போக விடாமல் வைத்திருந்தால், அல்லது முன்பணத்தைக் காட்டிக் கூலியே கொடுக்காமல் இருந்தால், அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், நீங்களே போய் மீட்கக் கிளம்பாதீர்கள்.

ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குக் கையின் மேல்பகுதிச் சுற்றளவை நாடாவால் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 12.5 வரைக்கும் என்றால் அங்கன்வாடி ஊழியரிடம் சொல்லி, சத்துமாவு பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறதா, வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

அப்பாக்களோடு பேசுங்கள்

இதைப் பல குழுக்கள் செய்வதே இல்லை. அம்மாவிடம் மட்டுமே பேசிவிட்டு வந்துவிடுவார்கள், அப்பா என்றாலே குடிகாரர் என்று ஒரு முடிவோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் தெளிவாக இருக்கிற நேரத்தில், குழுவில் உள்ள ஆண் ஒருவர் தனியாகப் போய் டீக்கடையில் உட்கார்ந்து பேசட்டும். குடிக்காதே என்று ஆரம்பிக்க வேண்டாம். பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று தெரியாத அப்பாக்கள் இருக்கிறார்கள், யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதே இல்லை. விட வேண்டும் என்று அவரே சொன்னால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். ஆனால் அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் சமாதானம் பேச உட்காராதீர்கள். அந்தப் பெண்ணுக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வீட்டிலேயே வைத்து வளர்க்க உதவ வேண்டும் என்று இவ்வளவு சொன்னாலும், வீடே ஆபத்தாக இருக்கும் நேரம் உண்டு. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், போக்சோ சட்டம் 2012-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். நீங்கள் விசாரணை செய்யாதீர்கள். பிள்ளையை ஒருவர் மாற்றி ஒருவர் "என்ன நடந்தது" என்று கேட்பது இன்னொரு கொடுமை. பிள்ளை உங்களிடம் சொன்னதை அதன் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், அது போதும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயர், படம், பள்ளி, தெரு எதையும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

குழந்தைத் திருமணம் என்றால் மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் 1098-க்கும் சொல்லுங்கள். நிறுத்திய அன்றைக்கு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றே வாரத்தில் வேறு மாவட்டத்துக் கோயிலில் அதே மாப்பிள்ளையோடு கட்டிக்கொடுத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு, நிறுத்திய வீட்டுக்கு வாரம் ஒரு முறை போகிறோம், அந்தப் பெண் திரும்பப் பள்ளியில் உட்காரும் வரைக்கும்.

உங்கள் குழுவுக்கு

யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும். அரிசிப் பையோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். பஸ் செலவு, ஜெராக்ஸ், அவசர மருந்து என்று சின்னதாக ஒரு நிதி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கேட்காத நிதி. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்வது ஒரு வருடம் வேலை செய்த பிறகு போதும். சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி, அந்த வாரம் மனதை அழுத்திய வீட்டைப் பற்றிப் பேசுங்கள். பேசாமல் சுமந்த நல்ல தோழர்கள் இரண்டு பேர் எங்களை விட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு குடும்பத்தை எப்போது விடலாம் என்று கேட்பார்கள். அந்த அம்மா தானே ஃபைலை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போய்வந்து, நாலு நாள் கழித்து உங்களிடம் செய்தியாகச் சொன்னால் விடலாம். அதற்குப் பிறகும் ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்று, பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நில்லுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்குச் சாயங்காலமே போங்கள்.